ஜெனியின் தலையும் லூர்து அக்கா தைத்த தொப்பியும்

என் மகளின் ஞானஸ்நானத்தன்று, கோயில் நிறைய ஆள் இருக்கும்போது என் மானம் போனதற்கு முழுக் காரணம் என் மச்சான் டேவிட். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவன் ஒரு தடவை வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை. அதன்பிறகு இன்றுவரை, கல்யாணமோ கருமாதியோ, குடும்பத்தில் எது நடந்தாலும் மைக்கைப் பிடித்து அந்தக் கதையைச் சொல்கிறான். அதற்கு மட்டும் வாய் நன்றாகத் திறக்கிறது.

டேவிட் என் மனைவி பிலோவின் அண்ணன். வயதில் என்னைவிடப் பெரியவன், மரியாதையாக எழுது என்று பிலோ சொல்கிறாள். முடியாது.

அவன் சொல்லும் கதையில் நான் ஒரு கோமாளி. சரி, கோமாளிதான். ஆனால் அவன் சொல்லாமல் விழுங்கிவிடும் பாதி ஒன்று இருக்கிறது. அதையும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். (உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் பொய். நாலு வரிக்கு ஒரு தடவை எழுந்து வாசல் வரை போய்விட்டு வருகிறேன். கோபம் வந்தால் எனக்கு நாற்காலி ஒத்துக்கொள்ளாது.)

எனக்குத் துறைமுகத்தில் லாஷிங் வேலை. கப்பல் மேல் அடுக்கிய பெட்டிகள் நடுக்கடலில் ஆடி விழாமல், நீளமான இரும்புக் கம்பிகளைக் குறுக்கே மாட்டி முறுக்கி இறுக்குவது. பெட்டி என்றால் கண்டெய்னர். இந்த வேலையில் நல்லது கெட்டது தெரிந்துகொள்வது ரொம்பச் சுலபம். ஆடாமல் இருந்தால் நல்லது, ஆடினால் கெட்டது. இதையே செய்து செய்து எனக்கு வீட்டிலும் அதே கண்ணாகிவிட்டது. மேஜைக் காலுக்கு அட்டை மடித்து வைப்பேன். கேஸ் சிலிண்டரைச் சுவரோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். சிலிண்டர் போடுகிற ஆள் எங்கள் வீட்டுக்கு மட்டும் சபித்துக்கொண்டே வருவார்.

இப்படிப்பட்டவன் கையில் ஒரு பச்சைக் குழந்தையைக் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். தலையணை கூடாது. பக்கத்தில் துணி, பொம்மை எதுவும் கூடாது. தலை எப்போதும் ஒரே பக்கம் திரும்பியிருக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விழித்திருக்கும்போது, நாம் கூடவே இருந்து, கொஞ்ச நேரம் குப்புறப் போட்டுப் பழக்க வேண்டும். இதில் 'மல்லாக்க' என்பது மட்டும் என் மண்டையில் ஏறியது. மற்றவை ஏறுவதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

கல்மண்டபம் ஏரியாவில் எங்கள் வீடு ஒற்றை அறை. கட்டில் சுவரோரம். படுக்க வைத்தால் மகள் ஜெனிக்கு இடது பக்கம் வெறும் சுவர், வலது பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் பெட்டி லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கும். சுவரைப் பார்க்க அவளுக்கு என்ன பைத்தியமா? எப்போது பார்த்தாலும் வலது பக்கமே திரும்பிக் கிடப்பாள்.

பிலோவுக்கு அது உறுத்தியிருக்கிறது. "ஒரே பக்கம் பாத்துகினு கீது, இன்னான்னு தெர்ல" என்று சொன்னாள். அப்பன் தொழிலைக் கவனிக்கிறாள், விடு என்றேன். அதோடு நிற்காமல் இரண்டு துண்டுகளைச் சுருட்டி, நின்ற லாரிச் சக்கரத்துக்கு ஆப்பு வைப்பதுபோல அவளுக்கு இரண்டு பக்கமும் அணை கொடுத்தேன். அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. படம் எடுத்து எங்கள் லாஷிங் கேங்கில் எல்லோருக்கும் அனுப்பினேன். புயலே வந்தாலும் சரக்கு நகராது தலைவா என்று பதில் வந்தது.

(தயவுசெய்து யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள். அந்தத் துண்டு நழுவி மூக்கை மூடியிருந்தால் இந்தக் கட்டுரை நகைச்சுவைக் கட்டுரையாக இருந்திருக்காது. பின்னால் டாக்டரம்மா இதைப் பற்றி என்னிடம் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை.)

டேவிட் மணலியில் ஒரு லாரி ஆபீசில் வேலை பார்த்தான். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை மருமகளைப் பார்க்க வந்துவிடுவான். ஒரு தடவை வரும்போது சாய்ந்தபடியே ஆடுகிற குழந்தை நாற்காலி ஒன்றை வாங்கி வந்தான். அது இன்னும் வசதியாகப் போயிற்று. கட்டிலில் தூங்கி எழுந்தால் நாற்காலி, நாற்காலியில் அலுத்தால் கட்டில். எங்கே கிடந்தாலும் பின்மண்டையில் அதே இடம்தான் அழுந்தியது. குப்புறப் போட்டால் வீல் என்று அழுவாள். அவள் இரண்டாவது மூச்சு எடுப்பதற்குள் தூக்கிவிடுவேன். இரும்புக் கம்பியைத் தோளில் சுமக்கிறவனுக்கு அந்த அழுகையைத் தாங்க முடியவில்லை.

இப்படியே ஞானஸ்நானம் வந்தது.

வெள்ளைக் கவுனும் வெள்ளைத் தொப்பியும் தைக்க எங்கள் தெருமுனை லூர்து அக்காவிடம் கொடுத்தோம். தொப்பிக்குத் தலையின் சுற்றளவை நானே டேப் வைத்து எடுத்துக் கொடுத்தேன். வந்த தொப்பியைப் போட்டால் வலது பக்கமாகச் சரிகிறது. நேராக வைத்தேன், சரிந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி சரிந்தது. சரிகிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கோணலாக வெட்டியிருக்கிறாய் என்றேன். அக்கா தொப்பியை ஒரு எவர்சில்வர் சொம்பின் மேல் கவிழ்த்தார். நேராக உட்கார்ந்தது.

"தொப்பி நேராத்தான் கீது நைனா. நீதான் கோணலா நின்னுகினு பாக்குற."

சொம்புக்கா ஞானஸ்நானம் என்று கத்தினேன். பிரித்துத் தைத்துக் கொடுத்தார். மறுபடி சரிந்தது. மறுபடி போய்க் கத்தினேன். இப்படி அந்த வாரம் முழுக்க நான் தொப்பியும் கையுமாகத் தெருவில் அலைந்ததில், பால்காரர் உட்படத் தெருவே தொப்பியை விசாரிக்க ஆரம்பித்துவிட்டது. தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனவன் ஒரு தடவையாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அக்கா ஒரு பார்வை பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். தோன்றவில்லை. உலகத்தில் எது கோணலாக இருந்தாலும் அதைச் செய்தவன்தான் குற்றவாளி என்று நினைக்கிற ஆள் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில், தொப்பியை என் தொழில் முறைப்படி கட்டிவிட்டேன். நாடாவைத் தாடைக்குக் கீழே கொண்டுபோகவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. நெற்றிக்கு மேலே ஒரு சுற்று, பின்மண்டையில் குறுக்கே ஒரு சுற்று, காதுக்குப் பக்கத்தில் முடிச்சு. இறுக்கம் கிடையாது, உள்ளே இரண்டு விரல் தாராளமாகப் போகும். ஆனால் முடிச்சைப் போட்டது லாஷிங்காரன். தொப்பி ஆடாமல் நின்றது. எனக்கு அந்த வாரத்தில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

அன்றைக்கு இன்னும் சில குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம். எங்கள் முறை வந்தது. பிலோ கையில் ஜெனி. பக்கத்தில் ஞானத்தகப்பனாக டேவிட், ஒரு கையில் எரியும் மெழுகுவர்த்தி, மறு கையில் செல்போன், காலில் புது ஷூ. ஃபாதர் தொப்பியைக் கழற்றச் சொன்னார்.

பிலோ முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் போட்ட முடிச்சை நானே அவிழ்க்கத் தொடங்கினேன். அவிழவில்லை. கையுறை இல்லாமல் எனக்கு நுணுக்கமான வேலை வராது என்று நினைக்கிறேன். வியர்த்தது. பின்னால் நின்ற அடுத்த குழந்தை அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து அதற்கடுத்தது. ஃபாதர் பொறுமையாக ஒரு ஜெபத்தை இரண்டாம் தடவை சொன்னார். கடைசியில் கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை மெழுகுவர்த்தித் திரி வெட்டுகிற கத்தரிக்கோலைக் கொண்டுவந்து நாடாவை வெட்டினார்.

தொப்பி கழன்று விழுந்தது. பீடத்துக்கு எதிரே பெரிய விளக்கு. பிலோ பிள்ளையைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். நான் என் மகளின் தலையை அன்றைக்குத்தான் மேலேயிருந்து முழுதாகப் பார்த்தேன். வலது பின்மண்டை, சப்பாத்திப் பலகை போலத் தட்டையாக இருந்தது. அந்தப் பக்கத்துக் காது மற்றக் காதைவிடக் கொஞ்சம் முன்னால் தள்ளி நின்றது.

தண்ணீரை ஊற்றினார்கள். உருண்டைத் தலையில் ஊற்றினால் தண்ணீர் நாலாபக்கமும் வழியும். ஜெனி தலையில் ஊற்றியது தட்டைப் பக்கமாக ஒரே தாரையாக இறங்கி டேவிட்டின் புது ஷூவுக்குள் போயிற்று. (இது டேவிட் மைக்கில் சொல்வது. உண்மையில் பாதித் தண்ணீர் தொட்டியில்தான் விழுந்தது.)

முன் பெஞ்சிலிருந்து யாரோ ஒரு அம்மா, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இன்னாடி இது, புள்ள தல ஒரு பக்கம் சப்பையா கீது" என்றார்.

அந்த நேரத்தில் நான் பிலோவைப் பார்த்திருக்க வேண்டும். பிள்ளையைப் பார்த்திருக்க வேண்டும். நான் கூட்டத்தில் லூர்து அக்காவைத் தேடினேன். மூன்றாவது வரிசையில் இருந்தார். விரலை நீட்டி, "எல்லாம் உன் தொப்பியாலதான்" என்றேன். ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் ஃபாதருக்காக ஒரு மைக் நின்றுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. என் குரல் கோயிலுக்குள் சுற்றி, வெளியே கட்டிய ஸ்பீக்கர் வழியாக ரோட்டுக்கும் போயிற்று.

லூர்து அக்கா எழுந்து நின்றார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

"நான் தெச்சது துணி நைனா. துணி போயி மண்டைய அமுக்குமா? நீ கப்பல்ல கட்டுற கம்பிய எடுத்தாந்து கட்டினியா இன்னா?"

கோயிலே சிரித்தது. ஃபாதர் தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. சிரிக்காதது மூன்று பேர். நான், பிலோ, ஜெனி. ஜெனி வலது பக்கமாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பக்கத்து ஹாலில் பிரியாணி. எனக்கு உட்கார முடியவில்லை. ஹாலுக்கும் தெருவுக்குமாக நடந்தேன். மூளை வளருமா, பிள்ளை பேசுமா, நடக்குமா என்று ஒவ்வொரு நடைக்கும் ஒரு பயம். தலைகளை மட்டுமே பார்த்தேன். பரிமாறுகிறவர் தலை, ஆட்டோக்காரர் தலை, கோயில் வாசலில் நின்ற புனிதர் சுரூபத்தின் தலை. எல்லோருக்கும் உருண்டையாக இருந்தது. என் கேங் ஆள் ஒருவனைத் திருப்பி நிறுத்திப் பின்மண்டையைத் தடவிப் பார்த்தேன். அவன் ஆசீர்வாதம் என்று நினைத்துக் குனிந்தான்.

வந்தவர்கள் எல்லோரிடமும் வைத்தியம் இருந்தது. கடுகு நிரப்பிய தலையணை வை என்றார்கள். குளிப்பாட்டும்போது எண்ணெய் தேய்த்து அமுக்கி உருட்டு என்றார்கள். குப்புறப் போட்டே தூங்க வை என்றார்கள். செல்போனில் ஹெல்மெட் போட்ட வெள்ளைக்காரக் குழந்தையைக் காட்டினார்கள். டேவிட் மட்டும், ஈர ஷூவைக் கழற்றி வெயிலில் வைத்துவிட்டு, "ஒன்னும் ஆவாது மாப்ள, முடி மொளைச்சா மறைஞ்சிரும்" என்றான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா ஜெனியை மடியில் வைத்து மேலேயிருந்து பார்த்தார். உச்சிக்குழியைத் தடவினார். காதுகளைப் பார்த்தார். ஒரு கிலுகிலுப்பையை ஆட்டிக் கழுத்து இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று பார்த்தார். வலது பக்கம் சுலபமாகத் திரும்பிய கழுத்து இடது பக்கம் பாதியில் நின்றது. மூளைக்கு ஒன்றும் இல்லை என்று அவர் முதலில் சொன்னதும் பிலோ அழுதாள். நான் எழுந்து நின்றேன். உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

கழுத்துத் தசை ஒரு பக்கம் கொஞ்சம் இறுகியிருக்கிறது, அதனால்தான் ஒரே பக்கம் திரும்புகிறாள், திரும்பித் திரும்பி அந்த இடம் தட்டையாகிவிட்டது என்றார். லாரியைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். அவர் சீட்டு எழுதி, கழுத்துப் பயிற்சிக்குப் பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். மல்லாக்கத் தூங்குவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மாற்றக் கூடாது, கடுகுத் தலையணை, துண்டு அணை எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள் என்றார். தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் படுக்க வைத்தால், ஜன்னலைப் பார்க்க அவளே இடது பக்கம் திரும்புவாள். விழித்திருக்கும்போது நாற்காலியில் போடாமல் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், கையை மாற்றி மாற்றி. ஒரு நாளைக்குப் பல தடவை, கொஞ்சம் கொஞ்சமாகக் குப்புறப் போட வேண்டும். தரையில் அழுதால் அப்பா நெஞ்சின் மேல் போடலாம். ஹெல்மெட் என்று வாயெடுத்தேன். அது ரொம்ப மோசமாக இருக்கிற சில பிள்ளைகளுக்கு யோசிப்பது, இவளுக்கு இப்போது வேண்டாம் என்றார்.

கடைசியாக, கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னும் முன்னாடியே வந்திருக்கணும்மா. சின்னதுல வந்தா சீக்கிரம் சரியாகும்" என்று பிலோவிடம் சொன்னார். திட்டவில்லை, சும்மாதான் சொன்னார். பிலோவின் முகம் அப்படியே அணைந்துபோனது. திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. "நீதான் பாத்தே, நான்தான் வுடுன்னேன்" என்றேன். பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் வேறொரு கூத்து. நர்ஸம்மா முன்பே சொன்னதை, இப்போது பயம் பிடித்த வேகத்தில் செய்தேன். வேலை விட்டு வந்ததும் குளித்துவிட்டுத் தரையில் மல்லாந்து படுப்பேன், நெஞ்சின் மேல் ஜெனி. அல்லது அவளைப் பாயில் குப்புறப் போட்டு, எதிரே நானும் குப்புறப் படுத்து, தரையோடு முகத்தை வைத்துக்கொண்டு, லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம், கிரேன் சத்தம், கப்பல் சங்கு எல்லாம் செய்வேன். அவள் அழுவாள். நான் சத்தத்தைக் கூட்டுவேன். பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டுவார்கள். இடது பக்கம் பார்க்க வைப்பதற்காக என் மஞ்சள் நிற வேலை ஹெல்மெட்டைக் கையில் பிடித்து மெதுவாக நகர்த்துவேன். அறையில் எதையாவது ஆட்டுவதற்காக நான் பாடுபட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஒரு நாள் மாலை தலையைத் தூக்கினாள். முட்டை ஓட்டிலிருந்து வெளியே வந்த கோழிக்குஞ்சு போலத் தள்ளாடித் தூக்கி, கப்பல் சங்கு ஊதிக்கொண்டிருந்த என்னை நேருக்கு நேராக ஒரு பார்வை பார்த்தாள். இவன்தான் எனக்கு அப்பனா என்கிற பார்வை. பிலோ அடுப்படியிலிருந்து வந்து, "எங்கம்மா, எங்க ராசாத்தி" என்று பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் என்னிடம் பழையபடி பேசினாள். "நீ வாய மூடு, அது ஒன்னப் பாத்துத்தான் அழுவுது" என்றாள். எனக்கு அது போதும்.

கழுத்து இளகியது. தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. இன்றைக்கும் வலது பக்கம் தடவினால் ஒரு சின்னச் சமதளம் தெரியும். ஜடை போட்டால் தெரியாது. லூர்து அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஜெனியைக் காட்டு என்றார், பார்த்தார், "தல செரியாப் பூடும். ஒன் வாய்க்குத்தான் ஒரு தொப்பி தெக்கணும்" என்றார்.

கதை இங்கேயே முடிந்திருக்கும். முதல் பிறந்தநாளுக்கு ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கப் போனதில்தான் கெட்டது. குழந்தை பிறந்ததிலிருந்து படம் எடுத்தவன் டேவிட். பேனருக்கு நல்ல படமாக அனுப்பச் சொன்னோம். அனுப்பினான். கடையில் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டபோது பிலோதான் முதலில் பார்த்தாள். ஆரம்பத்துப் படங்களில் ஜெனி எல்லாப் பக்கமும் இருக்கிறாள். அப்புறம், ஞானஸ்நானத்துக்கு ரொம்ப வாரம் முன்பிருந்தே, எல்லாப் படமும் இடது பக்கம். ஒன்றில்கூட வலது பின்மண்டை தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து, "இப்டித் திருப்பிப் புடி மாப்ள, இந்த சைடுதான் அழகு" என்று அவன் என்னைத் திருப்பியது ஞாபகம் வந்தது.

பிறந்தநாளன்று கேக்கும் வாயுமாக இருந்தவனைப் பிடித்துக் கேட்டேன். மறைக்கவில்லை.

"தெரியும் மாப்ள. சொன்னா நீ கத்துவ. ஃபங்சன் நேரத்துல எதுக்குப் பேஜாருன்னு வுட்டுட்டேன். தானா செரியாப் பூடும்னு நெனச்சேன்."

நான் கத்தினேன். கண்ணாடி அதிர, பலூன் வெடிக்கக் கத்தினேன். பார்த்தீங்களா, இதுக்குத்தான் சொல்லவில்லை என்று அவன் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எவ்வளவு கத்தினேனோ அவ்வளவுக்கு அவன் பக்கம் நியாயமாகிவிட்டது. அன்றைக்கே மைக்கைப் பிடித்துத் துண்டு, தொப்பி, முடிச்சு என்று கதையை ஆரம்பித்தான். இன்னும் நிறுத்தவில்லை. ஜெனிக்கே மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் தோழிகளுக்கு நடித்துக் காட்டுகிறாளாம், என் பாகத்தையும் சேர்த்து.

வரும் ஈஸ்டர் கழித்து ஜெனிக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். அதே கோயில், அதே ஹால், அதே மைக். டேவிட்தான் தொகுத்துப் பேசப் போகிறான்.

மச்சான், இந்தத் தடவையும் சொல். துண்டைச் சொல், தொப்பியைச் சொல், உன் ஷூவைச் சொல். சிரித்து முடிக்கட்டும். ஆனால் உடனே மைக்கைக் கீழே வைத்துவிடாதே. முன்னாடியே வந்திருக்கணும் என்று டாக்டரம்மா சொன்னபோது உன் தங்கச்சியின் முகம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. வாராவாரம் வந்தாய். தூக்கினாய், கொஞ்சினாய், கண்டுபிடித்தாய், நல்ல பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு போனாய். என் கத்தலுக்குப் பயந்து என் பிள்ளையின் தலையை அப்படியே விட்டுவிட்டுப் போனது சரியா, தப்பா? அத்தனை பேர் முன்னாலும் அதற்கு ஒரு பதில் சொல். நான் கத்தாமல் உட்கார்ந்து கேட்கிறேன்.